கேரவனுக்குள் தண்ணீர்த் தொட்டி வைத்தபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பிரிட்டனில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டூரிங் கேரவன்கள் பலவற்றில் நல்ல தண்ணீருக்கென்று உள்ளே தொட்டி இருக்காது. அக்வாரோல் என்னும் 40 லிட்டர் உருளையைக் குழாயடியில் நிரப்பி, தரையில் உருட்டிக்கொண்டு வந்து, கேரவன் பக்கத்தில் நிறுத்தி, அதற்குள் ஒரு சின்ன மூழ்கு பம்பை இறக்கிவிட வேண்டும். கோடையில் இது பிள்ளைகள் சண்டை போட்டுச் செய்யும் வேலை. ஜனவரியில் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போய்ப் பாருங்கள். காலையில் எழுந்தால் வெளிப் பைப்புக்குள் தண்ணீர் உறைந்து கிடக்கும், தேநீர் போடக்கூட வழியிருக்காது. அப்படி ஒரு காலைக்குப் பிறகுதான் நாங்கள் இருக்கைப் பெட்டிக்குள் ஒரு தொட்டி வைத்தோம்.

தொட்டியைப் பொருத்துவது ஒரு சனி, ஞாயிறு வேலை. அதன்பின் வரும் கோளாறுகள்தான் ஆளை அலைக்கழிக்கும். எனக்கு வந்தவையும், நண்பர்களுக்கு நான் பார்த்துக் கொடுத்தவையும் சேர்த்துச் சொன்னால், பாதிக்கு மேல் காற்றால் வந்தவை. வரக் கூடாத இடத்தில் காற்று நுழையும், அல்லது வெளியேற வேண்டிய காற்றுக்கு வழி இருக்காது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் காற்றைத் தேடுங்கள், பிறகு பம்பைச் சந்தேகப்படலாம்.

கீழே சொல்வது இந்த அமைப்புக்கு: இருக்கைக்கு அடியில் 40 லிட்டர் தொட்டி, அருகில் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் (ஷர்ஃப்ளோ, வேல் போன்றவை), அதிலிருந்து குழாய்களுக்கும் ஹீட்டருக்கும் பைப். அக்வாரோலின் பம்ப் ஹோஸை வெளியிலிருந்து மாட்டும் பழைய சாக்கெட்டும் ஒரு டீ இணைப்பு (T வடிவில் மூன்று பைப்புகள் சேரும் இணைப்பு) வழியாக அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள், கேஸ், 230 வோல்ட் இரண்டிலும். தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத நேரத்தில் ஹீட்டரைச் சூடாக விடக் கூடாது. கையில் ஒரு மல்டிமீட்டர், சமையலறைத் துடைப்புக் காகிதம், ஒரு வாளி, ஒரு மீட்டர் நல்ல ஹோஸ் போதும்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

எல்லோரும் முதலில் பம்பைத்தான் குறை சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஒரு புது பம்ப் வாங்கினேன். யார்க்‌ஷயர் டேல்ஸில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பம்ப் கால் மணி நேரம் உறுமியது, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புது பம்ப் மாட்டிய பிறகும் அதே உறுமல். கடைசியில் பார்த்தால், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளிப் அரைச் சுற்று தளர்வாக இருந்தது.

இதன் காரணம் எளிது. டயாஃப்ரம் பம்ப் தண்ணீரைத் தானே மேலே இழுக்கும் வகை. இழுக்கும் பக்கத்தில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தால், கனமான தண்ணீரைவிட லேசான காற்று முந்திக்கொண்டு வந்துவிடும். அந்த இடைவெளியில் தண்ணீர் சொட்டவும் சொட்டாது, ஏனென்றால் அங்கே எல்லாம் உள்நோக்கித்தான் போகிறது. தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து பைப் எடுத்திருந்தால் கசிவின் ஈரம் எங்குமே தெரியாது. கண்ணால் தேடுவது வீண்.

அதனால் வாளிச் சோதனை. பம்பின் இழுக்கும் வாயிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு, கையிலிருக்கும் ஒரு மீட்டர் ஹோஸை மாட்டி, மறுமுனையை வாளித் தண்ணீரில் போடுங்கள். ஒரு குழாயைத் திறந்து வைத்துப் பம்பை ஓட்டுங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில். வரவில்லை என்றால்தான் பம்பைப் பார்க்க வேண்டும்.

நடுவில் என்றால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் பம்பின் வாயில் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம். அதன் மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது திருகியோ, மணல் துகள் ஒட்டியோ இருந்தால் மூடி இறுகியதுபோலத் தெரியும், ஆனால் காற்று போகும். வளையத்தைக் கழுவி, நேராக வைத்து மூடுங்கள். அடுத்து ஹோஸ் கிளிப்புகள். அதன்பின் ஹோஸே. தண்ணீரை அழுத்தித் தள்ளுவதற்கென்று வரும் மெல்லிய ஹோஸை இழுக்கும் பக்கத்தில் போட்டிருந்தால், பம்ப் ஓடும்போது அது சப்பிப்போகும். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும். நூல் வலை பொதிந்த 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் வேண்டும்.

அப்புறம் அந்தப் பழைய சாக்கெட். டீ இணைப்பை இழுக்கும் பக்கத்தில் வைத்திருந்தால், வெளியே எதுவும் மாட்டாமல் திறந்து கிடக்கும் சாக்கெட் வழியாகப் பம்ப் சுகமாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். டீயை பம்புக்கு அப்புறம் வைத்திருந்தால் நேர்மாறு: உள் பம்பின் தண்ணீர் சாக்கெட் வழியாக வெளியே பீறிடும். டீ இழுக்கும் பக்கத்தில் இருந்தால் முதலில் அதைப் பம்புக்கு அப்புறம் மாற்றுங்கள். டீக்குப் போகும் இரண்டு கிளைகளிலும் தனித்தனியே ஒருவழி வால்வு போடுங்கள், அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையைக் காட்டட்டும். தாழ்ப்பாள் வால்வுகள் போட்டுக் கையால் மாற்றுகிறேன் என்பவர்கள் உண்டு. இரவு இருட்டில் மறந்துபோகும், ஒருவழி வால்வு மறக்காது.

வாளியிலிருந்தும் இழுக்கவில்லை என்றால், தொட்டியில் துளை போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். துளை வெட்டும்போது விழுந்த பிளாஸ்டிக் சுருள்கள் உள்ளேயே கிடந்து, வடிகட்டி இல்லாத பம்புக்குள் போய், வால்வுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். பம்பின் தலையைக் கழற்றினால் வெள்ளை மயிரிழை போல இருக்கும். எடுத்துவிட்டால் பம்ப் பழையபடி இழுக்கும். தொட்டியையும் இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள்.

யாரும் குழாய் திறக்கவில்லை, ஆனால் பம்ப் அடிக்கடி துடிக்கிறது

நள்ளிரவில் ‘டக்’ என்று ஒரு நொடி ஓடி நிற்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி. பம்புக்குள் இருக்கும் அழுத்த சுவிட்ச், பைப்பில் அழுத்தம் குறைந்ததாக உணர்கிறது. ஆக, எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் காய்ந்த துடைப்புக் காகிதம் வையுங்கள். காலையில் நனைந்திருப்பது எது என்று பாருங்கள். கழிவறைத் தொட்டிக்குப் போகும் பைப்பை மறக்க வேண்டாம். எங்கும் ஈரமில்லை என்றால் ஹீட்டரின் வடிகால் வால்வு அடுத்த சந்தேகம். அது கேரவனுக்கு வெளியே கீழே சொட்டும், புல் தரையில் தெரியாது. ட்ரூமா காம்பி ஹீட்டர்களில் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் என்ற வால்வு வெப்பநிலை 3 டிகிரியை ஒட்டி இறங்கினால் தானாகத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். அது கோளாறு இல்லை, ஹீட்டரைக் காப்பாற்றும் ஏற்பாடு. அந்த வால்வு இருக்கும் பெட்டி குளிர்ந்து கிடந்தால் அறை சூடாக இருந்தாலும் அது திறக்கும். கேரவனைச் சூடாக்கி, பெட்டிக் கதவைத் திறந்து வைத்து, பிறகு வால்வை மூடுங்கள்.

வெளியிலும் சொட்டவில்லை, உள்ளும் காய்ந்திருக்கிறது, ஆனாலும் துடிக்கிறதா? தண்ணீர் பின்னோக்கி, பம்ப் வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. பம்பின் உள் வால்வில் துகள் இருக்கிறது. பம்புக்கு அப்புறம் ஒரு ஒருவழி வால்வு போட்டால் அன்றே நிற்கும்.

குழாயை லேசாகத் திறக்கும்போது மட்டும் பம்ப் தடதடவென்று விட்டு விட்டு ஓடினால் அது கசிவு இல்லை. குழாய் கேட்கும் அளவைவிடப் பம்ப் தரும் அளவு அதிகம், அவ்வளவுதான். அழுத்தச் சேமிப்புக் குப்பி ஒன்று பம்புக்கு அப்புறம் பொருத்தினால் சமமாகும். அழுத்த சுவிட்சின் திருகைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பி.எஸ்.ஐ., பார் இரண்டும் அழுத்தத்தின் அலகுகள். 20 பி.எஸ்.ஐ. பம்ப் ஏறக்குறைய 1.4 பார் தரும், 30 பி.எஸ்.ஐ. பம்ப் 2.1 பார். ட்ரூமா தன் ஹீட்டர்களுக்கு 2.8 பார் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. மூழ்கு பம்பின் மெல்லிய அழுத்தத்துக்கே பழகிய பழைய இணைப்புகள் அதற்கு முன்பே கழன்று வந்துவிடும்.

நிரப்பும்போது தண்ணீர் திரும்பித் துப்புகிறது, தொட்டி நிறையவில்லை

தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். காற்றுப் பைப் இல்லாமலோ, அடைத்தோ இருந்தால் காற்று நிரப்பும் வாய் வழியாகவே வரும், தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வரும்.

காற்றுப் பைப் போட்டிருக்கிறேன், இருந்தும் துப்புகிறது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நடுவில் எங்காவது தொய்ந்து தொங்குகிறதா? ஊஞ்சல்போல் தொங்கும் பகுதியில் முந்தைய முறை வழிந்த தண்ணீர் தங்கியிருக்கும். அந்த ஒரு மடக்குத் தண்ணீரே காற்றை அடைத்துவிடும். தொட்டியின் உச்சியில் தொடங்கி, நிரப்பும் வாயைவிட உயரமாக ஏறி, அதற்குப் பிறகே கீழே திரும்ப வேண்டும். தொட்டியின் மேல்பரப்பு சாய்ந்திருந்தால், கேரவன் மட்டமாக நிற்கும்போது எந்த மூலை உயரமோ அங்கிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூலையில் நாலைந்து லிட்டர் காற்று சிக்கி, தொட்டி ஒருபோதும் முழுதாக நிறையாது.

நிரப்பும் ஹோஸுக்கு 40 மி.மீ. விட்டம் வேண்டும், முழு நீளமும் சரிவாக இறங்க வேண்டும். வெளிச்சுவரில் உள்ள வாய்க்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசம் குறைவு என்றால் ஆற அமர ஊற்றுவதைத் தவிர வழியில்லை.

தொட்டி வீங்குகிறது, அல்லது ஒட்டிப்போகிறது

ஒட்டிப்போனால் மறுபடியும் காற்றுப் பைப் அடைப்புதான். பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம். வலையில்லாத காற்று வாயில் பூச்சி கூடு கட்டியிருப்பதை இரண்டு கேரவன்களில் பார்த்திருக்கிறேன். வாயில் ஒரு துண்டு நுண்வலை கட்டுங்கள்.

வீங்குவது ஆபத்தானது. கேரவன் நிறுத்தும் சைட்டின் குழாயிலிருந்து ஹோஸை நிரப்பும் வாயில் இறுக்கி மாட்டிவிட்டுப் போய்விட்டால் நடப்பது இது. இந்தத் தொட்டிகள் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை இல்லை. 60 செ.மீ.க்கு 40 செ.மீ. உள்ள மேல்பரப்பில் 1 பார் அழுத்தம் விழுந்தால் ஏறக்குறைய 2.4 டன் எடை நிற்பதற்குச் சமம். இருக்கைப் பலகையைத் திருகோடு பிய்த்துவிடும். ஹோஸை வாய்க்குள் தளர்வாக விட்டு, பக்கத்தில் நின்று நிரப்புங்கள். ஆளில்லாமல் நிரம்ப வேண்டும் என்றால் மிதவை வால்வு வைத்த அடாப்டர் வேண்டும்.

பம்ப் சத்தமே இல்லை, அல்லது முனகுகிறது

சத்தமே இல்லையென்றால் கன்ட்ரோல் பேனலில் பம்ப் சுவிட்ச், பிறகு ஃபியூஸ், பிறகு பம்பின் இரண்டு வயர்களுக்கு நடுவில் மல்டிமீட்டர். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் ஓடவில்லை என்றால் அழுத்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பம்புத் தலையை லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கும், சுவிட்சை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். வோல்ட் இல்லையென்றால் பழைய அமைப்பை நினையுங்கள். மூழ்கு பம்புக்காகக் குழாய்களில் மைக்ரோசுவிட்ச் இருந்த கேரவன்களில், குழாய் திறந்தால்தான் மின்சாரம் வரும். டயாஃப்ரம் பம்புக்குத் தன் சுவிட்ச் உண்டு, அதற்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். இரண்டும் தொடராக இருந்தால், குழாயின் மைக்ரோசுவிட்ச் வேலை செய்யாதபோது பம்புக்கு மின்சாரமே வராது.

முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் மெல்லிய வயர். பேட்டரிக்கும் பம்புக்கும் 5 மீட்டர் என்றால் போய்வர 10 மீட்டர். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போது 1 சதுர மி.மீ. வயரில் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. வயரில் 0.35 வோல்ட்தான். வோல்ட்டைப் பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும், சும்மா நிற்கும்போது எந்த வயரும் நன்றாகத்தான் காட்டும்.

நிறைந்த தொட்டியைக் காலி என்று காட்டும் அளவுமானி

மிதவைச் சென்ஸரும் மானியும் வெவ்வேறு நாட்டு வழக்கில் இருக்கின்றன. ஐரோப்பிய வகை காலியில் 10 ஓம், நிறைவில் 180 ஓம். அமெரிக்க வகை காலியில் 240, நிறைவில் 33. ஒன்றின் சென்ஸரை மற்றதன் மானியோடு சேர்த்தால் தலைகீழாகத்தான் காட்டும். சென்ஸரின் வயரைக் கழற்றி, மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி ஓம் அளந்தால் எது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். மானி ஆடிக்கொண்டே இருந்தால் எர்த் இணைப்பு தளர்வு.

தண்ணீரில் வாடை

பிளாஸ்டிக் வாடை என்றால் எங்கோ தோட்ட ஹோஸ் மாட்டியிருக்கிறீர்கள். குடிநீருக்கு அனுமதி பெற்ற ஹோஸ் என்று அச்சிட்டதை மட்டும் போடுங்கள், நிரப்பும் ஹோஸ் உட்பட. எவ்வளவு கழுவினாலும் தோட்ட ஹோஸின் வாடை போகாது.

பாசி, சேற்று வாடை என்றால் தேங்கிய தண்ணீர். லீஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் வளரும். ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் தொற்றும். இதில் அலட்சியம் வேண்டாம். தொட்டியைக் காலிசெய்து, 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை 40 லிட்டருக்கு 100 மி.லி. கணக்கில் கலந்து நிரப்பினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். குழாய்களை ஒவ்வொன்றாக வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் விட்டு, குளோரின் வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஹீட்டருக்குள் குளோரின் விடலாமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிமேல் வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் பாசி குறையும்.

தரை மெத்தென்று அமுங்குகிறது

காலை வைத்தால் அமுங்கும், கிறீச்சிடும் தரை தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் உடனே கவனியுங்கள். கேரவன் தரை என்பது இரண்டு மெல்லிய பிளைவுட் தகடுகளுக்கு நடுவில் நுரை ஒட்டிய சாண்ட்விச். காற்றுப் பைப்புக்கும் வடிகாலுக்கும் போட்ட துளையின் வெட்டு விளிம்பை அடைக்காமல் விட்டால், சக்கரம் தெறிக்கும் மழைநீர் அதில் ஊறி, ஒட்டு விட்டுப்போகும். விளிம்பைக் காயவைத்து, உட்சுவர் முழுதும் சிகாஃப்ளெக்ஸ் 512 போன்ற சீலன்ட் பூசி, பிறகே பைப்பை விட வேண்டும். தொட்டிக் கட்டுகளைத் தரையில் மரத்திருகால் பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நுரையில் திருகு நிற்காது. தரையின் அடிப்பக்கம் அகலமான தகடு வைத்துப் போல்ட் போட வேண்டும்.

தொட்டியைத் தரைக்கு வெளியே அடியில் தொங்கவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அல்-கோ நிறுவனத்தின் சேசிஸில், அதாவது கேரவனின் அடிச்சட்டத்தில், துளை போடக் கூடாது, வெல்டிங்கும் கூடாது. அது கனம் குறைக்க மெல்லிய தகட்டில் செய்தது. இருக்கும் துளைகளையும் கவ்விப் பிடிக்கும் பிராக்கெட்டுகளையுமே பயன்படுத்துங்கள்.

இழுக்கும்போது கேரவன் வாலாட்டுகிறது

தொட்டி வைத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது என்றால் வேறெதையும் பார்க்க வேண்டாம், தொட்டியைக் காலிசெய்யுங்கள். 40 லிட்டர் என்றால் 40 கிலோ. பல டூரிங் கேரவன்களில் நம் சாமான்களுக்கென்று விட்டிருப்பதே 150 கிலோவை ஒட்டித்தான். அதில் பேட்டரி, கேஸ், ஆனிங் (பக்கத்தில் விரிக்கும் கூடாரம்) எல்லாம் அடக்கம். கேரவனின் தகட்டில் எழுதிய உச்ச எடையைத் தாண்டி இழுப்பது பிரிட்டனில் சட்டப்படி குற்றம்.

மொத்த எடையைவிட அந்த 40 கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். சக்கர அச்சிலிருந்து கொக்கி 4 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். தொட்டி அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் இருந்தால், நிறைந்ததும் நோஸ்வெயிட், அதாவது காரின் கொக்கியை கேரவன் அழுத்தும் எடை, 20 கிலோ குறைந்துவிடும். கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 1,400 கிலோ கேரவனுக்கு 70 முதல் 98 கிலோ. அதிலிருந்து 20 போனால் லாரி கடந்து போகும் காற்றே வாலைப் பிடித்து ஆட்டும். 2 மீட்டர் முன்னால் இருந்தால் 20 கூடும், காரின் கொக்கி வரம்பைத் தாண்டிவிடலாம். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் அலைமோதுவது இன்னொரு தொல்லை.

தொட்டியை அச்சுக்கு அருகில் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் காலித் தொட்டியோடு மட்டும் இழுங்கள். எங்களுடையது அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் இருக்கிறது. காலியில் 78 கிலோ, நிறைவில் 84 கிலோ என்று நோஸ்வெயிட் மானியில் அளந்து, இருக்கைப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். வித்தியாசம் வெறும் 6 கிலோதான். இருந்தும் சைட்டை விட்டுக் கிளம்பும் காலையில் என் மனைவி கால் தாங்கிகளை ஏற்றும் நேரத்தில் நான் வடிகாலைத் திறந்துவிடுகிறேன். தொட்டி காலியாகப் பத்து நிமிடம் ஆகிறது.